கணவாய்க்கு முந்தைய வீடு

என் வீட்டுக்கு வந்த பிறகுதான்
அவர்களுக்குத் தெரியவருகிறது
எதெல்லாம் வேண்டாம் என்று.

லிஸ்பனில் கிளம்பும்போது தெரியவில்லை.
துருக்கி மழையில் ஊறி
இரண்டு மடங்கு கனத்தபோதும்
மனசு வரவில்லை.
முர்காபில்,
வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கும்
இரண்டாம் நாள் சாயங்காலம்
பையை என் கம்பளத்தில் கவிழ்க்கிறார்கள்.
விடிந்தால் அக்பைத்தால் கணவாய்.
இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே.

யாக் இறைச்சி நிறுக்கும் தராசைக் கடன் கேட்பார்கள்.
கொக்கியில் பை தொங்கும்.
முள்ளைப் பார்ப்பார்கள்,
ஒரு சாக்ஸை எடுப்பார்கள்,
மறுபடி முள்ளைப் பார்ப்பார்கள்.

யோரிஸ் என்று ஒரு பெல்ஜியத்துக்காரன்.
பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப்
பாதியில் அறுத்திருந்தான்.
எடை குறையுமாம்.
அறுத்த பாதியை என்ன செய்தாய் என்றேன்.
யோசித்தான். ஞாபகமில்லை.
அதே பையின் அடியிலிருந்து
ஓர் இரும்பு வாணலி வந்தது.
"கேட்காதீர்கள்" என்றான்.
நான் கேட்கவில்லை.
இன்றைக்கும் அதில்தான் முட்டை பொரிக்கிறேன்,
முட்டை கிடைக்கிற நாட்களில்.

ஒருத்தி தடித்த நாவல் ஒன்றைப்
படிக்கப் படிக்கக் கிழித்துக்கொண்டே வந்தாள்.
தொடக்கம் ஜார்ஜியாவில் போயிற்று,
நடுப்பகுதி ஈரானில்.
கடைசி இருபது பக்கம் என் வீட்டில்.
வடக்கு ஜன்னல் இடுக்கில் அடைத்திருக்கிறேன்.
காற்று நிற்கவில்லை,
குறைந்திருக்கிறது.

மூன்று மழைக்கோட்டு.
இந்த ஊரில் மழையா!
ஆணியில் தொங்குகின்றன.
ஆரஞ்சு நிறத்ததைப் போட்டுக்கொண்டு
கொழுந்தன் ஒருநாள் மேய்ச்சலுக்குப் போனான்.
யாக்குகள் அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை.

காலையில் போவார்கள்.
சைக்கிள் பறவை மாதிரி இருக்கிறது என்பார்கள்.
அவர்கள் இளைக்க இளைக்க
என் வீடு பருத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஓஷிலிருந்து செய்தி.
தோல்குனுக்குப் பெண் குழந்தை.

சத்தார்பெக்கின் வண்டி அதிகாலை நாலு மணிக்கு.
நான் கட்டினேன்:
உறைந்த யாக் தொடை ஒன்று, சாக்கில் சுற்றி.
கைமாக் ஒரு வாளி, மூடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் கயிறு.
குழந்தைக்கு ஷிர்தாக் விரிப்பு.
ரொட்டி நாற்பது.
ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
அய்ம்கான், தன் நெஞ்சு எக்ஸ்ரேயோடு,
பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி.
அவள் போகுமுன்னே பள்ளிக்கூடத்து வாத்தியார்,
அடி கழன்ற பூட்ஸோடு.
அப்புறம் ஓடாத ரேடியோ.
அப்புறம் ஒரு பையன், கையில் கடிதம்,
யாருக்கென்று காதில் மட்டும் சொன்னான்.

தராசை யாரும் தேடவில்லை.
வேண்டாம் என்று எதைச் சொல்வது?
எதுவும் என்னுடையதில்லையே.

கணவாயில் வண்டி இருமியது.
ஓரமாய் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தான்,
நேற்று என் கம்பளத்தில் பாதியைக் கொட்டியவன்.
சத்தார்பெக் ஹாரன் அடித்தான்.
எக்ஸ்ரே கசங்காமல் மடியில் பிடித்தபடி
ஒரு கையை மட்டும் ஆட்டினேன்.
அவன் இரண்டு கையும் விட்டு ஆட்டினான்.
சைக்கிள் சாய்ந்தது.

ஓஷ் சேர்ந்தபோது இருட்டு.
தோல்குன் ஒவ்வொன்றாய் அவிழ்த்தாள்.
இறைச்சி, கைமாக், பூட்ஸ்.
கடைசியில் காலிச் சாக்கை உதறிப் பார்த்தாள்.
"அம்மா, உன் துணி எங்கே?"

மாற்றுச் சட்டை இல்லை.
சீப்பு இல்லை.
பிரஷ் இல்லை, பாதிகூட.

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.
நானும் சிரித்தேன்.
வெளியே தகரத்தின் மேல் ஏதோ சத்தம்.
என்னவென்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
மழை.
மூன்று கோட்டும்
முர்காபில், ஆணியில்.